மறுபடி நிறுவுவதா, குற்றவாளியைத் தேடுவதா?

நிரல் எழுதும் மென்பொருளான எடிட்டரில் கோப்பைச் சேமிக்க கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் நான்கு நொடி. ஒவ்வொரு முறையும் திரையின் கீழ்மூலையில் ஒரு சிறு அறிவிப்பு எழும்பும், நிரல் வரிகளை ஒழுங்குபடுத்தும் நீட்சி (எக்ஸ்டென்ஷன், எடிட்டரோடு சேர்க்கும் துணை மென்பொருள்) வேலை செய்துகொண்டிருப்பதாகச் சொல்லும், பிறகு மறையும், அதற்குப் பிறகுதான் கோப்பு வட்டில் ஏறும். ஒரு நாளில் எத்தனை முறை கோப்பைச் சேமிக்கிறோம் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. அந்தத் தாமதம் வந்த பிறகு நான் எண்ணத் தொடங்கினேன். மதியத்துக்குள் நூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

விவரம் தெரிந்த நண்பர்களிடம் கேட்டேன். எல்லோரிடமும் ஒரே மருந்துச்சீட்டுதான் இருந்தது: “அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்.” செய்தேன். புதிதாக நிறுவிய எடிட்டர் திறந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் வைத்திருந்த கருநீல வண்ணத்திட்டம், நான் மாற்றிய எழுத்துரு, கடைசியாகத் திறந்திருந்த கோப்பு எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. கன்ட்ரோல்-எஸ் அழுத்தினேன். அதே நான்கு நொடி.

சற்றுமுன் நிறுவிய மென்பொருளுக்கு என் எழுத்துரு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்வியை அப்போதே கேட்டிருந்தால் எனக்கு ஒரு மாலைப்பொழுது மிஞ்சியிருக்கும். நான் கேட்கவில்லை, இரண்டாவது முறையும் அழித்து நிறுவினேன்.

எடிட்டரோ அதன் நீட்சிகளோ முரண்டுபிடிக்கும்போது நமக்கு இருக்கும் வழிகள் அதிகமில்லை. எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவலாம். நீட்சிகளை அணைத்து அணைத்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம். பழைய பதிப்புக்குத் திரும்பலாம். பழையதை அப்படியே விட்டுவிட்டுப் தனி அமைப்புகளும் தனி நீட்சிகளும் கொண்ட புதிய சுயவிவரம் (புரொஃபைல்) ஒன்றைத் தொடங்கலாம். நிரல் ஓடத் தேவையான சூழலையே கன்டெய்னர் எனப்படும் தனித்த பெட்டிக்குள் அடைத்துவிடலாம். இவற்றில் எதை எப்போது எடுப்பது என்பதுதான் பேச்சு. உதாரணங்கள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் எடிட்டரான விஷுவல் ஸ்டுடியோ கோட், சுருக்கமாக வி.எஸ். கோட், பற்றியவை. மற்ற எடிட்டர்கள் எங்கே மாறுபடுகின்றனவோ அங்கே அவற்றையும் தொட்டுக்கொள்கிறேன்.

மென்பொருள் ஓரிடம், உங்கள் உடைமை வேறிடம்

வி.எஸ். கோட் ஒரு கணினியில் மூன்று இடங்களில் குடியிருக்கிறது. முதலாவது, மென்பொருளின் சொந்தக் கோப்புகள். விண்டோஸில் ஒரு பயனருக்கு மட்டும் என்று நிறுவியிருந்தால் அவை அந்தப் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டரில் லோக்கல் என்ற பகுதிக்குள் இருக்கும். கணினி முழுமைக்கும் நிறுவியிருந்தால் புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும். இரண்டாவது, உங்கள் அமைப்புகள், விசைச் சேர்க்கைகள், கடைசியாக எதைத் திறந்திருந்தீர்கள் என்ற நினைவு. இவை விண்டோஸில் ஆப்டேட்டாவின் ரோமிங் பகுதியில் ‘கோட்’ என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. லினக்ஸில் ஹோம் ஃபோல்டரின் மறைந்த ‘கான்ஃபிக்’ ஃபோல்டருக்குள்ளும், மேக்கில் லைப்ரரியின் ‘அப்ளிகேஷன் சப்போர்ட்’டுக்குள்ளும் இருக்கும். மூன்றாவது, நீட்சிகள். பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த ‘விஎஸ்கோட்’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’.

அன்இன்ஸ்டால் செய்யும்போது போவது முதலாவது மட்டும்தான். மற்ற இரண்டும் அப்படியே கிடக்கும். இதைத் தவறு என்று சொல்ல முடியாது. மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிய பதிப்பை நிறுவுகிறவர் தன் அமைப்புகள் பத்திரமாக இருப்பதைத்தான் விரும்புவார். ஆனால் நம் கோளாறுகளில் பெரும்பகுதி வாழ்வது இரண்டாவது, மூன்றாவது இடங்களில். அன்றாடம் மாறுவது அவைதான்: நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன, அமைப்புகளை நாம் திருத்திக்கொண்டே இருக்கிறோம். மாறாத ஒன்றைப் பிடுங்கி நட்டுவிட்டு மாறிக்கொண்டிருப்பதைத் தொடாமல் விடுவது, எய்தவன் இருக்க அம்பை நோவது போன்றது.

இதைத் தெரிந்துகொண்டவர்களில் சிலர் அடுத்த எல்லைக்குப் போவார்கள். மூன்று இடங்களையும் துடைத்தெடுத்துவிட்டு நிறுவுவார்கள். இது வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை இது. பல ஆண்டுகளாகச் சேர்த்த விசைச் சேர்க்கைகளும் நிரல் துணுக்குகளும் போய்விடும், எலி எது என்றும் தெரியாது. போதாக்குறைக்கு, அமைப்புகளை ஒத்திசைக்கும் வசதியை இயக்கி வைத்திருந்தால், கணக்கில் உள்நுழைந்த சில நிமிடங்களில் பழைய நீட்சிகள் அனைத்தும் வரிசையாக வந்து இறங்கும். கொளுத்திய வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் எலி குடிவந்துவிடுகிறது.

எல்லா எடிட்டர்களிலும் கதை இதேதான் என்று எண்ண வேண்டாம். எக்லிப்ஸ் என்ற எடிட்டரை ஒரு ஜிப் கோப்பாக இறக்கி விரித்துப் பயன்படுத்துகிறவருக்கு அதன் செருகுநிரல்கள் (நீட்சிகளுக்கு அங்கே அதுதான் பெயர்) அந்த ஃபோல்டருக்குள்ளேயே இருக்கின்றன. அதை அழித்துவிட்டுப் புதிதாக விரித்தால் செருகுநிரல்கள் உண்மையிலேயே போய்விடும். ஆனால் திறந்த சாளரங்கள், பிழைப் பதிவுகள், பாதி உடைந்த நிலைகள் எல்லாம் பணியிட ஃபோல்டரின் மறைந்த ‘மெட்டாடேட்டா’வில் இருக்கும், அதே பணியிடத்தைத் திறந்தால் அவையும் கூடவே வரும். ஆகவே, எந்த எடிட்டர் எதை எங்கே வைக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் “மறுபடி நிறுவு” என்று சொல்வது, எந்த உறுப்பு வலிக்கிறது என்று கேட்காமல் கட்டுப்போடுவதுதான்.

மறுநிறுவல் எப்போது சரி?

அதற்கும் நேரம் உண்டு. அநியாயமாகத் திட்டிவிடக் கூடாது. புதுப்பிப்பு நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது, எடிட்டர் திறக்கவே மறுக்கிறது என்றால் மறுநிறுவல்தான் வழி. ஏ.ஆர்.எம். செயலி உள்ள கணினியில் இன்டெல் செயலிக்கான பதிப்பை நிறுவி அது மந்தமாக ஓடுகிறது என்றால் சரியான பதிப்பை நிறுவ வேண்டும். விண்டோஸில் பயனர் நிறுவலும் கணினி நிறுவலும் இரண்டும் இருந்து, ஒன்று புதுப்பிக்கப்பட மற்றது பழையபடி நின்று குழப்பினால், ஒன்றை நீக்கத்தான் வேண்டும்.

“உங்கள் நிறுவல் சிதைந்திருப்பதாகத் தெரிகிறது, மறுபடி நிறுவுங்கள்” என்று வி.எஸ். கோட் தானே சொல்வதும் உண்டு. தன் கோப்புகளின் சரிபார்ப்புத் தொகை (கோப்பு மாறவில்லை என்று உறுதிசெய்யும் எண்) பொருந்தாதபோது அது இப்படிச் சொல்கிறது. இங்கேயும் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். எடிட்டரின் தோற்றத்தை மாற்றுவதற்காக அதன் சொந்தக் கோப்புகளிலேயே கைவைக்கும் நீட்சிகள் சில இருக்கின்றன. அப்படி ஒன்றை வைத்திருந்தால், சிதைத்தது வட்டுக் கோளாறு அல்ல, அந்த நீட்சி. மறுபடி நிறுவினால் அது மறுபடி சிதைக்கும்.

மேக்கில் இன்னொரு வேடிக்கை. இறக்கிய செயலியை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தே திறந்துகொண்டிருந்தால், இயங்குதளம் அதைப் பாதுகாப்புக்காக வாசிக்க மட்டுமே முடிகிற தற்காலிக இடத்தில் வைத்து ஓட்டக்கூடும். புதுப்பிப்பு தோற்றுக்கொண்டே இருக்கும். பலர் இதற்கும் மறுநிறுவல் செய்து, மறுபடியும் டவுன்லோட்ஸிலிருந்தே திறப்பார்கள். செயலியை அப்ளிகேஷன்ஸுக்கு இழுத்துப் போட்டால் முடிந்தது.

முதலில் ஒரு காலி அறை

வழியைத் தேர்வதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை. நீட்சி எதுவும் இல்லாத, அமைப்புகள் எதையும் தொடாத எடிட்டரைத் திறந்து பாருங்கள். வி.எஸ். கோட்டில் நீட்சிகள் அனைத்தையும் முடக்கித் தொடங்கும் கட்டளை உண்டு. அதைவிடச் சுத்தமான வழி, பயனர் தரவுக்கும் நீட்சிகளுக்கும் இரண்டு காலி ஃபோல்டர்களைக் காட்டி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலிலிருந்து திறப்பது. அப்போது உங்கள் பழைய வாழ்க்கையின் வாடையே அதற்குத் தெரியாது. விம் என்ற எடிட்டரில் ‘கிளீன்’ என்ற தெரிவோடு தொடங்கலாம். ஈமேக்ஸ் எடிட்டரில் அதற்கான தெரிவு பெரிய எழுத்துக் கியூ. வி.எஸ். கோட்டிலிருந்து வேறான விஷுவல் ஸ்டுடியோவுக்குப் பாதுகாப்பு முறை இருக்கிறது. ஆனால் எக்லிப்ஸின் ‘கிளீன்’ என்ற தெரிவை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் அது செருகுநிரல்களை அணைப்பதில்லை. அவற்றைப் பற்றிச் சேர்த்துவைத்த இடைச்சேமிப்பைத் துடைத்துவிட்டுத் திரும்ப உருவாக்குகிறது.

காலி அறையிலும் கோளாறு தொடர்ந்தால் நீட்சிகளைத் தேடுவது வீண். வேர் வெளியே இருக்கிறது: கிராஃபிக்ஸ் முடுக்கம், வலையமைப்பு, இயங்குதளம். லினக்ஸில் பெரிய பணித்திட்டத்தைத் திறந்தால் “கோப்பு மாற்றங்களைக் கவனிக்க முடியவில்லை” என்று எடிட்டர் முறையிடுவது இதற்கு நல்ல உதாரணம். இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒரு பயனருக்கு அனுமதிக்கும் கோப்புக் கவனிப்பான்களின் எண்ணிக்கை தீர்ந்துபோயிருக்கும். பழைய கணினிகளில் அந்த வரம்பு 8192 ஆக இருப்பது வழக்கம். அதை 524288 வரை உயர்த்தச் சொல்கிறது வி.எஸ். கோட்டின் கையேடு. இதற்கு எடிட்டரைப் பத்து முறை அழித்து நிறுவினாலும் எள்ளளவும் பயனில்லை.

காலி அறையில் கோளாறு மறைந்தால், நல்ல செய்தி. குற்றவாளி உங்கள் வீட்டில்தான் இருக்கிறான்.

குற்றவாளியைப் பிடிப்பது

இங்கே இரண்டு முறைகள் போட்டியிடுகின்றன. ஊகித்து ஒவ்வொன்றாக அணைப்பது ஒன்று. பாதி பாதியாகப் பிரிப்பது மற்றொன்று.

ஊகம் எவ்வளவு இனிமையாக ஏமாற்றும் என்பதற்கு என் நான்கு நொடியே சாட்சி. அறிவிப்பில் தெரிந்த பெயர் ஒழுங்குபடுத்தும் நீட்சியினுடையது. ஆகவே அதை நீக்கினேன். வேறு ஒன்றை நிறுவினேன். இப்போது அறிவிப்பில் புதியதன் பெயர். தாமதம் மட்டும் பழையது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இரண்டும் மோசம் என்று முடிவுகட்டி மூன்றாவதைத் தேடப் போனேன்.

நடந்தது இதுதான். வி.எஸ். கோட்டின் திரை ஒரு செயல்முறையில் (புராசஸ், அதாவது கணினியில் தனியாக ஓடும் ஒரு நிரல்) ஓடுகிறது. நீட்சிகள் அனைத்தும் தனியாக இன்னொரு செயல்முறையில் ஓடுகின்றன. ஒரு நீட்சி சிக்கிக்கொண்டாலும் நீங்கள் தட்டச்சு செய்வது தடைபடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அந்த இரண்டாவது செயல்முறைக்குள் எல்லா நீட்சிகளுக்கும் ஒரே வரிசை. ஒருவர் முன்னால் நின்று கதை பேசிக்கொண்டிருந்தால் பின்னால் இருப்பவர் எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். ஒழுங்குபடுத்தும் நீட்சி வரிசையில் காத்துக்கொண்டிருந்தது. எடிட்டர் யாருக்காகத் தான் காத்திருக்கிறதோ அவர் பெயரைப் பலகையில் எழுதியது. வரிசையை மறித்தவர் பெயர் எங்கேயும் வரவில்லை.

பாதியாகப் பிரிக்கும் முறைக்கு இந்த மாயம் செல்லுபடியாகாது, ஏனென்றால் அது யாரையும் சந்தேகிப்பதே இல்லை. கட்டளைப் பட்டியலில் ‘ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்’ என்று தேடி இயக்கினால், எடிட்டர் நீட்சிகளில் ஒரு பாதியை அணைத்துவிட்டுத் தன்னை மறுபடி ஏற்றிக்கொள்ளும். கோளாறு இன்னும் இருக்கிறதா என்று கேட்கும். இருக்கிறது அல்லது இல்லை. அவ்வளவுதான் நீங்கள் சொல்ல வேண்டியது. அதை வைத்து எந்தப் பாதியில் ஆள் ஒளிந்திருக்கிறான் என்று முடிவு செய்து, அந்தப் பாதியை மறுபடி இரண்டாக வெட்டும். நாற்பது நீட்சிகளுக்கு ஆறு சுற்று. எண்பதானாலும் ஏழுதான். நிரல் வரலாற்றில் எந்த மாற்றம் பிழையைக் கொண்டுவந்தது என்று கண்டுபிடிக்க கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் இருக்கும் பைசெக்ட் கட்டளையும் இதே தத்துவம்தான்.

என்னிடம் அன்று நாற்பத்து மூன்று நீட்சிகள் இருந்தன. ஆறாவது சுற்றில் ஒரு பெயர் வந்து நின்றது. எப்போதோ ஒரு பழைய பணிக்காக நிறுவிய, நான் பல மாதங்களாகத் தொடாத ஒரு மொழிக்கான நீட்சி. நான் எந்தக் கோப்பைச் சேமித்தாலும் அது விழித்தெழுந்து பணித்திட்ட ஃபோல்டர் முழுவதையும் ஒரு நடை நடந்துவிட்டு வந்தது. மொத்தம் ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் ஊகத்திலும் மறுநிறுவலிலும் போனது ஒரு மாலையும் மறுநாள் காலையும்.

இந்த முறைக்கும் ஓட்டைகள் உண்டு. கோளாறு நினைத்தபோது வர வேண்டும். நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிற கோளாறென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நாள் தேவைப்படும். இரண்டு நீட்சிகள் கைகோத்தால் மட்டுமே வரும் கோளாறையும் இது தவறவிடலாம்: இருவரும் வெவ்வேறு பாதிகளில் விழுந்தால் இரண்டு பாதியும் நல்லபிள்ளையாகத் தெரியும், கடைசியில் எந்த நீட்சியும் அகப்படவில்லை என்று எடிட்டர் கைவிரிக்கும். எடிட்டரோடு உள்ளிணைந்தே வரும் நீட்சிகளை அது கணக்கில் எடுப்பதில்லை. அமைப்புக் கோப்பில் நீங்கள் எழுதிவைத்த ஒரு வரிதான் குற்றவாளி என்றால் அதையும் கண்டுபிடிக்காது.

மந்தம்தான் பிரச்சினை என்றால் பைசெக்டுக்கு முன்னால் இன்னொரு இடத்தையும் எட்டிப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் நீட்சிகளின் பட்டியலைக் காட்டும் கட்டளை ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றும் விழித்தெழ எத்தனை மில்லிநொடி எடுத்தது என்று அதில் தெரியும். வரிசையை மறித்து நிற்பதைப் பதிலளிக்காதது என்று அது குறித்துக்காட்டுவதும் உண்டு. பட்டியலை நேரப்படி பார்க்கும்போது, நான் திறக்கவே இல்லாத மொழிகளுக்கான நீட்சிகள் ஏன் விழித்திருக்கின்றன என்ற கேள்வி தானாக எழும்.

விம்மிலும் ஈமேக்ஸிலும் பொத்தான் இல்லை. தொடக்கக் கோப்பின் பாதி வரிகளைக் குறிப்புரையாக்கிவிட்டுத் திறந்து பார்ப்பதுதான் பைசெக்ட். கைவேலை கூடுதல், கணக்கு அதேதான்.

பழைய பதிப்புக்குத் திரும்புவது

“நேற்றுவரை நன்றாக இருந்தது” என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் பைசெக்டைவிட இது வேகம். நீட்சியின் பற்சக்கரக் குறியை அழுத்திக் குறிப்பிட்ட பதிப்பை நிறுவும் தெரிவைத் தேர்ந்தால் முந்தைய பதிப்புகளின் வரிசை வரும். முன்வெளியீட்டுப் பதிப்பில் இருந்தால் நிலையான பதிப்புக்கு மாறுவதே பல சமயம் போதும். எக்லிப்ஸில் நிறுவல் வரலாறு என்ற பக்கத்திலிருந்து முன்பிருந்த நிலைக்கு மொத்தமாகத் திரும்பலாம். இந்த ஒரு விஷயத்தில் அது மற்றவர்களைவிட ஒழுங்கான கணக்குப்பிள்ளை. இன்டெலிஜே ஐடியா என்ற எடிட்டரை டூல்பாக்ஸ் என்ற நிறுவல் செயலி வழியாக நிறுவியவர்களுக்கும் முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வசதி இருக்கிறது.

ஆனால் இது தற்காலிகக் குடித்தனம் என்பதை மறக்கக் கூடாது. பழைய பதிப்பில் நிறுத்திய நீட்சிக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் வந்து சேராது. எதை எதற்காக நிறுத்தினோம் என்று எங்கேயாவது ஒரு வரி எழுதி வைக்காவிட்டால், ஓராண்டு கழித்து அதுவே புதிய கோளாறாக எழுந்து நிற்கும்.

புதிய சுயவிவரம்

2023-இல் வி.எஸ். கோட்டுக்குச் சுயவிவரங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்புகள், தனி விசைச் சேர்க்கைகள், தனி நீட்சிப் பட்டியல். குற்றவாளியைத் தேட நேரமில்லாதவருக்கு இது நாகரிகமான தப்பியோட்டம்: காலிச் சுயவிவரம் ஒன்றைத் தொடங்கி, வேலைக்குத் தேவையான ஐந்தாறு நீட்சிகளை மட்டும் அதில் சேர்த்துக்கொண்டு வேலையை முடிக்கலாம். பழையது அப்படியே இருக்கும். ஓய்வாக ஒரு நாள் திரும்பி வந்து பார்க்கலாம். மூன்று இடங்களையும் துடைத்து நிறுவுவதோடு ஒப்பிட்டால் இதன் பலன் கிட்டத்தட்ட அதேதான், இழப்பு மட்டும் இல்லை. ஆகவே துடைத்து நிறுவ நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஒரு வரம்பு: பட்டியல்கள் தனித்தனி என்றாலும் நீட்சிகளின் கோப்புகள் வட்டில் ஒரே ஃபோல்டரில்தான் கிடக்கின்றன. இறக்கும்போது பாதியில் அறுந்து சிதைந்த நீட்சியை இன்னொரு சுயவிவரத்தில் சேர்த்தால் சிதைவும் கூடவே வரும். அந்த ஒரு நீட்சியை மட்டும் முழுதாக நீக்கி, அதன் ஃபோல்டர் மறைந்ததா என்று பார்த்து, மறுபடி நிறுவ வேண்டும்.

என்னைக் கேட்டால், மொழிக்கு ஒரு சுயவிவரம் என்று ஆரம்பத்திலேயே பிரித்து வைத்திருந்தால் என் கதை நடந்தே இருக்காது.

நிறுவலிலேயே தடங்கல் என்றால்

இதுவரை பேசியது ஓடிக்கொண்டிருந்து கெட்டுப்போனவற்றைப் பற்றி. நிறுவியது முதலே வேலை செய்யாதவை வேறு ரகம். அங்கே பைசெக்டும் சுயவிவரமும் பெரும்பாலும் உதவுவதில்லை.

புதிதாக வருகிறவர்கள் விழும் பெரிய குழி ஒன்று உண்டு. பைத்தான் நீட்சியை நிறுவியாயிற்று, ஆனால் நிரல் ஓடவில்லை. சி++ நீட்சியை நிறுவியாயிற்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் இல்லை என்கிறது. நீட்சி ஒரு பாலம் மட்டுமே. பைத்தானும் கம்பைலரும் தனியாகக் கணினியில் இருக்க வேண்டும். அந்த நீட்சிகள் அவற்றைக் கொண்டுவருவதில்லை. இது தெரியாமல் நீட்சியை நீக்கி நீக்கி நிறுவிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மாவு இல்லாத வீட்டில் தோசைக்கல்லை மாற்றிக்கொண்டிருப்பது போலத்தான்.

அடுத்தது, கம்பைலரை நிறுவிய பிறகும் டெர்மினல் அதைத் தெரியாது என்பது. நிரல்களை எங்கே தேடுவது என்று இயங்குதளம் வைத்திருக்கும் பாத் பட்டியல், ஒரு செயல்முறை தொடங்கும்போது அதன் கையில் கொடுக்கப்படுகிறது. பிறகு பட்டியல் மாறினாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர் கையில் பழைய நகல்தான். எடிட்டருக்குள் புதிய டெர்மினலைத் திறந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த டெர்மினல் எடிட்டரின் பிள்ளை. தாயிடம் இருக்கும் பழைய நகல்தான் அதற்கும் கிடைக்கும். எடிட்டரின் எல்லாச் சாளரங்களையும் மூடித் திறக்க வேண்டும். மறுநிறுவல் செய்தவர்களில் பலருக்குக் கோளாறு தீர்ந்ததற்கு உண்மையான காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்: நிறுவும் சாக்கில் எல்லாவற்றையும் மூடித் திறந்தார்கள், புகழ் நிறுவலுக்குப் போயிற்று.

எந்த வடிவில் நிறுவுவது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. விண்டோஸில் பயனர் நிறுவலுக்கு நிர்வாகி உரிமை தேவையில்லை, புதுப்பிப்பும் தொல்லையில்லாமல் நடக்கும். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளாதவரை அதுவே மேல். லினக்ஸில் அதன் வழக்கமான நிறுவல் கோப்பான டெப் அல்லது ஆர்.பி.எம். பொதியை எடுங்கள். ஃபிளாட்பேக் வடிவம் எடிட்டரைக் கூண்டுக்குள் வைக்கிறது. கூண்டுக்குள்ளிருந்து வெளியே இருக்கும் கம்பைலர்கள் கண்ணில் படுவதில்லை. உலாவிக்கோ இசைக் கருவிக்கோ அந்தக் கூண்டு நல்லது. வெளிக் கருவிகளை அழைப்பதையே தொழிலாகக் கொண்ட எடிட்டருக்கு அது விலங்கு. ஜிப் கோப்பை விரித்து, விரித்த ஃபோல்டருக்குள் ‘டேட்டா’ என்ற ஃபோல்டரை உருவாக்கினால் கிடைக்கும் கையடக்க முறையில் மூன்று இடங்களும் ஒரே இடமாகிவிடும்; சோதனைக்கு இதைவிடச் சௌகரியமானது இல்லை, ஆனால் விண்டோஸிலும் லினக்ஸிலும் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது.

வி.எஸ். கோட்டின் திறந்த மூல நிரலிலிருந்து கட்டப்பட்ட வி.எஸ்.கோடியம் என்ற எடிட்டரைத் தேர்ந்தவர்களுக்கு நீட்சிகள் வருவது எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓபன் விஎஸ்எக்ஸ் களஞ்சியத்திலிருந்து. மைக்ரோசாஃப்டின் சில நீட்சிகள் அதன் சொந்தத் தயாரிப்புகளில் மட்டுமே பயன்படுத்த உரிமம் பெற்றவை. அவை அங்கே கிடைக்கவில்லை என்றால் அது கோளாறு அல்ல, உரிமம். அந்த நீட்சிகள் இல்லாமல் வேலை நடக்காது என்றால் எடிட்டரை மாற்றுவதுதான் நேர்மையான தீர்வு.

தொலைக் கணினியும் கன்டெய்னரும்

தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்யும்போது ஒரே நீட்சிக்கு இரண்டு குடியிருப்புகள். வண்ணத்திட்டம் போன்றவை உங்கள் கணினியில் ஓடும். மொழியைப் புரிந்துகொள்ளும் நீட்சிகள் சர்வரில் ஓட வேண்டும். நிறுவியிருந்தும் நீட்சி மங்கலாகத் தெரிகிறது என்றால் அது தவறான பக்கத்தில் இருக்கிறது. சர்வரில் நிறுவும் பொத்தான் பக்கத்திலேயே இருக்கும்.

எடிட்டரின் புதுப்பிப்பே சர்வரைத் துண்டித்த சம்பவமும் உண்டு. 2024-இன் தொடக்கத்தில் வெளியான 1.86 பதிப்பு, சர்வர் பக்கத்தில் லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பையாவது எதிர்பார்த்தது. உபுண்டு 18.04, சென்ட்ஓஎஸ் 7 போன்ற பழைய சர்வர்களோடு இணைந்து வேலை செய்தவர்கள் ஒரே காலையில் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் தங்கள் கணினியில் எதை அழித்து நிறுவினாலும் பயனிருந்திருக்காது. முந்தைய பதிப்புக்குத் திரும்புவது மட்டுமே உடனடி வழி. பிறகு மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையோடு சிறிது காலம் பழையவற்றுக்கு இடம்கொடுத்தது. பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியைத் தெரிந்து வைத்திருப்பது இப்படிப்பட்ட காலைகளுக்காகத்தான்.

கன்டெய்னருக்குள் சூழலை அமைப்பது வேறு கேள்விக்கான விடை. எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த நீட்சிகள் என்பதை ஒரு கோப்பில் எழுதி நிரலோடு சேர்த்து வைத்துவிட்டால், குழுவில் யார் திறந்தாலும் ஒரே சூழல். “என் கணினியில் ஓடுகிறதே” என்ற வாக்குவாதம் வாரந்தோறும் நடக்கும் குழுவுக்கு இது வரம். தனியாக வேலை செய்கிறவர் ஒரு நீட்சியின் தொல்லைக்காக இதற்குப் போனால், நீட்சிக் கோளாறோடு, கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் கோளாறும் சேர்ந்துகொள்ளும். விண்டோஸிலும் மேக்கிலும் கன்டெய்னருக்குள்ளிருந்து வெளிக் கோப்புகளைப் படிப்பது மெதுவாக இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது எனக்கென்று ஒரு வரிசை இருக்கிறது. எல்லாச் சாளரங்களையும் மூடித் திறப்பேன். போகவில்லை என்றால் காலி அறை. அங்கே கோளாறு இல்லை, நேற்று எது புதுப்பிக்கப்பட்டது என்றும் தெரிகிறது என்றால் அதை மட்டும் பின்னுக்கு நகர்த்துவேன். தெரியவில்லை என்றால் பைசெக்ட். அன்று மாலைக்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தால் பைசெக்டுக்குப் பதிலாகப் புதிய சுயவிவரம். இவற்றுக்கெல்லாம் பிறகுதான் நிறுவல் கோப்பைத் தேடுவேன். அதற்கு முன்னால், நிறுவியிருக்கும் நீட்சிகளின் பெயர்களைப் பட்டியலிடும் கட்டளையை டெர்மினலில் கொடுத்து, வெளியீட்டை ஓர் உரைக் கோப்பில் சேமித்துக்கொள்வேன். என் கடைசிப் பட்டியலில் பதினேழு வரிகள் இருக்கின்றன. மற்ற இருபத்தாறு நீட்சிகளைத் தேடி ஒரு நாளும் கை போனதில்லை.